யாரும் போகாத கூட்டம்

லண்டன் குட்மேய்ஸில் வீடு வாங்கியது என் கணவரின் பிடிவாதத்தால். எனக்கு ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த ஃபிளாட்டே போதும் என்றிருந்தது. கீழே இறங்கினால் மரக்கறிக் கடை, ஐந்து நிமிட நடையில் ரயில், மாடி வீடென்பதால் குளிர் குறைவு. இவரோ தோட்டம் உள்ள வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பூக்கன்று வைப்பதற்கு என்று நினைத்துவிட வேண்டாம். விளக்குப் போடுவதற்கு.

இவர் எலெக்ட்ரீசியன். ஊரிலுள்ளவர்களின் சமையலறைக் கூரையிலெல்லாம் குட்டிக் குட்டி விளக்குகள் பதித்துவிட்டு வீடு வந்தால், எங்கள் ஃபிளாட்டில் ஹோலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. "மற்றவன்ர வீட்டுக்கு வெளிச்சம் குடுத்தே என்ர கண் பூஞ்சு போச்சு" என்பார். "உங்கட கண் பூஞ்சது டீவி பாத்து" என்பேன் நான். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது. எதற்கும் வாக்குவாதம், எதிலும் எதிர்க்கட்சி. நாங்கள் சண்டை பிடிக்காத நாளில் கிங்ஸ்பரியில் இருக்கும் மகள் ஃபோன் எடுத்தால், யாருக்காவது உடம்புக்கு ஏலாமல் இருக்கிறதோ என்று பயந்து கேட்பாள்.

அந்தச் சண்டையெல்லாம் நான் பாடுபட்டுச் சம்பாதித்தது. நான் கல்யாணம் கட்டிய மனிதர் சண்டை பிடிக்கத் தெரியாதவர். லண்டனுக்கு வந்த புதிதில் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று வானத்தில் சுற்றினால் போதும், வீட்டிலுள்ள லைற்றையெல்லாம் நூர்த்து இருட்டாக்கிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்க் குந்திவிடுவார். ஊரில் குண்டுவீச்சுக் காலத்தில் பழகிய பழக்கம். அவருடைய ஊரில் பொழுதுபட்டதும் ஒருவர் சைக்கிளில் தெருவழியே போவாராம். "விளக்கை நூருங்கோ, விளக்கை நூருங்கோ" என்று கத்திக்கொண்டே போவாராம். அவர் யார், யார் அவரை அனுப்பியது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் எவருக்குமே தெரியாதாம். ஆனால் அவர் குரல் கேட்டதும் ஒரு வீட்டிலும் திரி எரியாது.

அந்தப் பயத்தை நான் ஏசி ஏசியே விரட்டினேன். கொஞ்சிப் பேசித் தேற்ற எனக்கு வராது. மூக்குக்கு மேல் கோபம் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் போய் லைற்றைப் போட்டுவிட்டு, "வெளியில வாங்கோ, இது லண்டன்" என்று கத்துவேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், ஃபாரஸ்ட் கேட் வானத்தில் ஹெலிகொப்டர் நின்று இரைய, இவர் எழும்பிப் போய் டீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "என்ன கோதாரிச் சத்தமப்பா" என்று சலித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். அந்த மனிதரைத் திரும்ப இழக்க நான் தயாராக இல்லை.

புது வீட்டுக்குப் போன முதல் சனிக்கிழமையே வேலி நீளத்துக்கு விளக்குக் கட்டினார். பின்வாசலில் இரண்டு, மூலையில் நின்ற பேரிக்காய் மரத்துக்குக் கீழே ஒன்று. அது இலையுதிர்காலத்தின் கடைசி. நேரத்தோடு இருண்டுவிட்டது. நாங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தோம். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குப்பாதை. அதற்கு அப்பால் அடுத்த தெருவின் வீடுகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வரிசைக்கும் சமையலறைகள் பின்பக்கத்தில்தான். எல்லா யன்னல்களிலும் மஞ்சள் வெளிச்சம். நேர் எதிரே ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ ரொட்டி சுட்டார்கள்.

ஆறு மணிக்கு அத்தனை வெளிச்சமும் போயிற்று.

ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. எங்கள் வரிசையிலும் எதிர் வரிசையிலும், ஒரே மூச்சில். பாத்திரம் கழுவிய பெண் இருட்டுக்குள் தொடர்ந்து கழுவினாள். தண்ணீர் விழும் சத்தமும் தட்டோடு தட்டு முட்டும் சத்தமும் எனக்குக் கேட்டன. யாரும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை, யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.

"கரண்ட் போயிட்டுது" என்றேன்.

"எங்கட எரியுதே" என்றார் இவர்.

நான் வீட்டுக்குள் நடந்து முன்கதவைத் திறந்து தெருவைப் பார்த்தேன். முன்பக்கம் எல்லாம் வழமைபோலவே இருந்தது. ஹோல்களில் லைற், டீவியின் நீல வெளிச்சம், யாரோ காரிலிருந்து சாமான் இறக்கினார்கள். திரும்பவும் பின்பக்கம் வந்தேன். நீண்ட இரண்டு வரிசைக்கு நடுவில் எங்கள் தோட்டம் மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. இவர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டு நிறையப் பயத்தம்பணியாரம் கொண்டுவந்தார். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறியவர்கள். நல்ல மனுசி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்கள் புதுசு. தெரியாமல்தான் போட்டனீங்கள் எண்டு எங்களுக்கு விளங்கினது. ஒருத்தரும் குறை நினைக்கேல்லை" என்றார்.

"என்னத்தைப் போட்டது?"

"பின்பக்கத்து லைற். ஆறு மணிக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் போடுறேல்லை."

"ஏன்?"

கோயிலுக்குள் செருப்போடு ஏன் போகக்கூடாது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "அது கூட்டத்தில முடிவெடுத்தது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஓம் ஓம். நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

ஸ்குரூ ஒன்று தரமில்லை என்று கடைக்காரனோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுகிற மனிதர். என்ன கூட்டம், எப்போது, யார் வைத்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்கா போனதும் ஏணியை எடுத்துக்கொண்டு போய் விளக்குகளைக் கழற்றத் தொடங்கினார். "கழட்டத் தேவையில்லை, சுவிட்சைப் போடாமல் விட்டால் காணும்தானே" என்றேன். "தற்செயலாப் பட்டிட்டால்?" என்றார். அந்தக் குரலை நான் கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

நான் ஊரில் சில வருடம் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவள். இங்கே வந்தபின் பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை, பிறகு மருந்துக்கடைக் கவுண்டர். ஆனாலும் சோக்குக்கட்டி பிடித்த கையின் குணம் போகாது. அந்தக் காலத்தில் நான் விரும்பிப் படிப்பித்த பாடம் சமூக ஒப்பந்தம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பயந்து, கூடிப் பேசி, தங்கள் சுதந்திரத்தில் ஒரு பங்கை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பை வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் அரசு சொன்னால் கேட்கிறோம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். ஒரு பெட்டை எழும்பி, "ரீச்சர், அந்தக் கூட்டத்துக்கு ஆர் போனது?" என்று கேட்டாள். "ஒருத்தரும் போகேல்லை. அது ஒரு கற்பனை. கூட்டம் நடந்தது மாதிரி நாங்கள் நடக்கிறம், அவ்வளவுதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குட்மேய்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று வெளிக்கிட்டேன். யார் முடிவெடுத்தார்கள் என்று தெரிந்தால், அவர்களிடமே போய் மாற்றச் சொல்லலாம். மாற்றினால் இவர் விளக்குகளைத் திரும்பக் கட்டுவார். என் திட்டம் அவ்வளவு எளிமையானதாக இருந்தது.

முதலில் ஜேர்மனி அக்காவிடமே கேட்டேன். "நாங்கள் வரேக்குள்ளயே இருந்தது. முந்தி இருந்த ஆக்கள்தான் சொல்லித் தந்தவை" என்றார். அவர்கள் இப்போது எங்கே? தெரியாது. எதிர் வரிசையில் டாக்ஸி ஓடும் ஒரு பாகிஸ்தான்காரர் இருந்தார். அது கவுன்சிலின் சட்டம் என்றார், அடித்துச் சொன்னார். கவுன்சிலுக்கு ஃபோன் எடுத்தேன். பேசிய பெண் நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, அப்படி ஒரு சட்டமே இல்லை, மற்றவர்களின் படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்காதவரை உங்கள் தோட்டத்தில் நீங்கள் விரும்பியபடி விளக்குப் போடலாம் என்றாள். டாக்ஸிக்காரரிடம் போய் அதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய சமையலறையும் மற்றவற்றோடு சேர்ந்து இருண்டது.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். கடைசி வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி. பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவர். தெருவில் எந்த வீட்டுக் கூரை எப்போது ஒழுகியது என்பதுவரை தெரியும். ஒரு பிற்பகலில் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் ஆச்சரியப்பட்டார். "அது உங்கள் ஆட்கள் வைத்த கூட்டமல்லவா?" என்றார்.

"எங்கள் ஆட்களா?"

அவர் விளக்கமாகச் சொன்னார். முன்பு ஒரு குளிர்காலத்தில் பொலிஸ் ஹெலிகொப்டர் அடிக்கடி இந்தக் குறுக்குப்பாதைக்கு மேலே வந்து சுற்றியதாம். பொழுதுபடும் நேரத்தில்தான் வரும். அது வந்ததும் தமிழ் ஆட்களின் வீடுகளில் எல்லாம் பின்பக்க லைற் அணைந்துவிடும். ஒரு வீட்டில் அல்ல, எல்லா வீட்டிலும், சொல்லிவைத்தது போல. பாட்டிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, இது அவர்களுடைய சமய வழக்கமாக இருக்கும், அல்லது எல்லாரும் கூடி ஏதோ முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைத்தாராம். மரியாதைக்குத் தானும் லைற்றை நிறுத்தினாராம். அவர் நிறுத்தியதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர். பிறகு எதிர் வரிசை. ஹெலிகொப்டர் வருமுன்பே நிறுத்திவிட்டால் வசதி என்று ஆறு மணிக்கு வைத்துக்கொண்டார்கள்.

"இப்போது ஹெலிகொப்டர் வருகிறதா?" என்று கேட்டேன்.

"அது வந்து எத்தனையோ காலமாகிவிட்டது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் ஆட்களின் முடிவை நாங்கள் மதிக்கிறோம்" என்றும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தேன். எங்கள் சனம் தனித்தனியே தங்கள் தங்கள் வீட்டுக்குள் இருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், பழைய பயத்தில் சுவிட்சை நிறுத்தியிருக்கிறது. அதைப் பார்த்த வெள்ளைக்காரப் பாட்டி அதற்கு ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்திருக்கிறார். பாட்டி வீடு இருண்டதைப் பார்த்த எங்கள் சனம், இது இந்த நாட்டுச் சட்டம் என்று நினைத்திருக்கிறது. அவர்கள் கட்டளை இட்டதாக இவர்களும், இவர்கள் கட்டளை இட்டதாக அவர்களும். நான் படிப்பித்த பாடத்தில் முதலில் கூட்டம், பிறகு கீழ்ப்படிவு. இங்கே கீழ்ப்படிவு முதலில் வந்துவிட்டது. கூட்டம் பிறகுதான் நடந்திருக்கிறது, அதுவும் எல்லாருடைய ஞாபகத்திலும்.

இவரிடம் ஓடிப்போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹெலிகொப்டர் கதையைக் கேட்டால் சிரிப்பார் என்று நம்பினேன். கடைசியில், "அப்ப எங்கட ஆக்கள்தான் முடிவெடுத்திருக்கினம்" என்றார்.

"ஒருத்தரும் முடிவெடுக்கேல்லை எண்டெல்லோ சொல்லுறன்!"

"அதுதானே. எங்கட ஆக்கள்" என்றார், நிம்மதியாக.

அதற்குப் பிறகு அவர் என் கண்முன்னாலேயே தேயத் தொடங்கினார். வேலையை அரைகுறையில் விட்டுவிட்டு ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். அடுப்பின் மணிக்கூட்டு வெளிச்சத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். வோஷிங் மெஷினின் சிவப்புப் புள்ளிக்கும் ஒட்டினார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஓடிவந்து மூடுவார். ஆறு மணிக்குப் பிறகு அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசினார். பிறகு பேசுவதையே விட்டார். நான் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல், உதட்டில் விரலை வைத்துக்காட்டுவார். இருட்டில் அவருடைய முகம் தெரியாது, அந்த விரல் மட்டும் மங்கலாகத் தெரியும்.

மகள் வந்து ஒரு மாலை பார்த்துவிட்டு, "அப்பா ஓகேதானே? ஒரு ஸ்ட்ரீட் ரூல்தானே அம்மா, லீவ் இட்" என்றாள். அவளும் ஆறு மணிக்கு, யாரும் சொல்லாமலே, தன் ஃபோனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். அதைக் கவனித்து நான் கேட்டபோது, எல்லாரும் அப்படித்தானே இருக்கிறீர்கள் என்றாள்.

எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு ஒரு இளம் சோடி வந்தது. சென்னைப் பிள்ளைகள், கம்பியூட்டர் வேலை. முதல் மாலையே சமையலறை லைற் பளிச்சென்று எரிந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். யாராவது போய்ச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழும்பிச் சப்பாத்தைக் காலில் மாட்டியது என் கணவர். நான் பின்னாலேயே போனேன். அவர் அந்த வீட்டுப் பின்கதவில் நின்று, ஜேர்மனி அக்காவைப் போலவே சிரித்துக்கொண்டு விளங்கப்படுத்தினார்.

"ஆமாங்க, சரிங்க, எங்களுக்குத் தெரியாதுங்க" என்றது அந்தப் பெண். "யாரு சார் இத முடிவு பண்ணாங்க?"

"கூட்டத்தில முடிவெடுத்தது. நானும் இருந்தனான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறுக்குப்பாதையில் திரும்பி வரும்போது அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். "எந்தக் கூட்டத்தில இருந்தனீங்கள்? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

அவர் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். பொய் சொன்னவன் முகம் அல்ல அது. அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், காது சிவக்கும்.

"என்னப்பா நீர்? எங்கட ஹோலிலதானே வைச்சது. நீர்தானே எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்தனீர்."

இரண்டு பக்கமும் இருண்ட வீடுகள். வேலிகளுக்கு மேலால் குளிர்ந்த காற்று. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு கணம், தட்டு நிறையக் கோப்பைகளோடு நான் எங்கள் ஹோலுக்குள் நுழைவது எனக்குத் தெரிந்தது. கதிரை போதாமல் சிலர் நிலத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரப் பாட்டி சீனி வேண்டாம் என்றார். கோப்பையின் சூடுகூட விரலில் பட்டது. நான் அவருடைய கையை விட்டுவிட்டு ஓட்டமாக வீட்டுக்குள் வந்து, முன்னறையில் எல்லா லைற்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனியும் பொறுத்தால் நானும் போய்விடுவேன் என்று தெரிந்தது.

அடுத்த நாள் அவர் வேலையால் வருமுன், பெட்டியில் கிடந்த விளக்குகளை நானே எடுத்துக் கட்டினேன். எலெக்ட்ரீசியன் பெண்சாதிக்கு இதுகூடத் தெரியாதா? வேலி நீளத்துக்கும் கட்டினேன், மரத்திலும் கொழுவினேன். அவர் வந்து மேலே குளிக்கப் போனார். ஆறு மணிக்கு ஊர் இருண்டது. நான் சுவிட்சைப் போட்டேன். சமையலறை, பின்வாசல், தோட்டம், மேல்மாடிப் பின்னறை, எல்லாம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. மனிதர்கள் தங்கள் தங்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள். வேலியோரம் வந்து நின்றார்கள். சிலர் குறுக்குப்பாதைக்கே வந்துவிட்டார்கள். ஜேர்மனி அக்கா, அவருடைய கணவர், டாக்ஸிக்காரர், சென்னைச் சோடி, கடைசி வீட்டுப் பாட்டி, இன்னும் பெயர் தெரியாத பலர். என் விளக்குகளின் வெளிச்சத்தில் அவர்களுடைய முகங்களை முதன்முதலாக ஒன்றாகப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல் நின்றார்கள்.

இவர் ஈரத்தலையோடு இறங்கி வந்தார். விளக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோட்டத்தைக் கடந்து, பின்படலையைத் திறந்து, குறுக்குப்பாதைக்குப் போய் மற்றவர்களோடு நின்றார். அங்கிருந்து திரும்பி, அவர்கள் என்னைப் பார்த்தது மாதிரியே என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"ஆர் தங்கச்சி சொன்னது, போடச் சொல்லி?" என்று ஜேர்மனி அக்கா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார்.

எத்தனையோ பதில் இருந்தது. ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். ஹெலிகொப்டர் கதையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் சொன்னனான்!" என்று கத்தினேன். "நான்தான் சொன்னனான். இனி எல்லாரும் லைற் போடலாம்!"

"அப்ப சரி" என்றார் அக்கா.

அவருடைய தோள்கள் இறங்கின. அந்தச் சொல் வேலிவழியே வீட்டுக்கு வீடு போனது எனக்குக் கேட்டது. சரியாம், சொல்லியாச்சாம், போடலாமாம். தமிழ் விளங்காத பாட்டி இவரிடம் ஏதோ கேட்க, இவர் குனிந்து அவருடைய காதில் சொன்னார். பாட்டி என்னைப் பார்த்து ஒருமுறை தலை சாய்த்தார். எல்லாரும் உள்ளே போனார்கள். யன்னல்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. இரண்டு வரிசையும் கடைசிவரை எரிந்தது. நான் வாசலில் நின்று சிரித்தேன், அழவும் அழுதேன். வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றிரவு தோசை சுட்டேன். இவர் நல்ல வெளிச்சத்தில், என் முன்னால் இருந்து சாப்பிட்டார். சம்பலில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டிருந்தேன். "உப்பு எப்பிடி?" என்று கேட்டேன். "நீர் போட்டால் சரியாத்தான் இருக்கும்" என்றார். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை நான் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கத்தி தெரியாத அளவுக்கு இருண்டபின்தான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வரிசையில் ஒரு லைற் இல்லை. எதிர் வரிசையிலும் இல்லை. ஆனால் எல்லா யன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். உருவங்கள் மட்டும் தெரிந்தன. எல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன.

எனக்குப் பின்னால் இவர் நின்றார். விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"போடட்டோ?" என்று கேட்டார்.

"நேற்றுச் சொன்னன்தானே."

"அது நேற்று."

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது இனித்தது. இரண்டு தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, நான் வாய் திறந்தால் வெளிச்சம், திறக்காவிட்டால் இருட்டு. வகுப்பில் அம்புக்குறி போட்டு விளக்கிய எனக்கு, அந்த அம்புக்குறியின் மேல்நுனியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் அந்த இனிப்பைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தேன். பிறகு எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

"போடுங்கோ" என்றேன். போட்டார். இரண்டு வரிசையும் ஒரே மூச்சில் எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அமைதியான, பணிவான, யாருடையதோ முகம். கத்தியை வைத்துவிட்டு அவருடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். "என்னைக் கேட்டு ஏன் போடுறியள்? இஞ்சாருங்கோ, ஒருக்கா என்னை ஏசுங்கோவன். வழக்கமாப் பிடிக்கிற மாதிரி, ஒருக்கா என்னோட சண்டை பிடியுங்கோ!"

"சரி" என்றார். "என்னத்தைப் பற்றிப் பிடிக்கட்டும்?"

கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.